பாதி மலையில் கிருஷ்ணப்பா

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
31 ஜனவரி 2024

பெட்ட பளகா மலையேற்றச் சங்கத்தின் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சுப்பராயன். வயது அறுபத்திரண்டு. தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். மனைவி ஜானகி காலமாகி ஐந்து வருடம் ஆகப்போகிறது. மகன் தினேஷ், மருமகள் ஆஷா இவர்களோடு இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோலாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் இருந்ததால் அந்தரகங்கை மலைப்படியில் கொஞ்சதூரம் ஏறினேன். அங்கே உங்கள் சங்கத்தார் பாறைமேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையில் ஏழு நிறத்தில் துணி கட்டியிருந்தது. ரக்ஷிதா என்ற பெண் எனக்கும் ஒரு பழம் கொடுத்தாள். எந்தக் காலேஜ் என்று கேட்டேன். "காலேஜ் இல்ல அங்கிள். நாங்க கே, லெஸ்பியன் ஆளுங்க. சேர்ந்து மலை ஏறுவோம்" என்றாள். தபால் இலாகாவில் வேலை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் அப்படிப்பட்டவனா என்று அவள் கேட்கவில்லை. அந்த மரியாதையை நினைத்து நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என் போனில் உங்கள் நம்பரை வைத்துக்கொள்ள முடியாது. யாராவது ஓ.டி.பி. கேட்டு என் பென்ஷனை எடுத்துவிடுவார்கள் என்று ஆஷா தினமும் என் போனை ஒரு பார்வை பார்ப்பாள். அதனால் அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் உங்கள் ஜீவனஹள்ளி முகவரியை எழுதிக் கொடுத்தாள். தபாலை ஆஷா தொடமாட்டாள். எனக்கு வருவதெல்லாம் எல்.ஐ.சி. சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் சங்கத்தில் வயது வரம்பு உண்டா? சேர்வதற்கு எதையாவது வாயால் சொல்ல வேண்டுமா? போட்டோ எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதினால் நல்லது.

பதிலை எதிர்நோக்கும்,
சுப்பராயன்


ஜீவனஹள்ளி, பெங்களூரு
9 பிப்ரவரி 2024

சுப்பராயன் ஸாருக்கு,

வணக்கம். நான் மோனிகா, சங்கத்தின் செயலாளர். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் "நண்பனுக்குச் சுற்றுலா பற்றி ஒரு கடிதம்" எழுதியதற்குப் பிறகு தமிழில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பரீட்சையில் எனக்கு நல்ல மார்க் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ: எடுப்போம். ஆனால் பைவாரில் சிவப்பு ரிப்பன் கட்டியவர்களை எடுக்கக்கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. உங்களுக்காக ஒரு முழம் ரிப்பன் தனியாக வைத்திருக்கிறேன்.

வயது வரம்பு கிடையாது. வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். மூச்சு வாங்கினால் மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள், நிற்போம்.

பெட்ட பளகா என்றால் கன்னடத்தில் மலை உறவுக்காரர்கள் என்ற மாதிரி அர்த்தம். முக்கால்வாசிப் பேர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். சிலர் கயிறு கட்டிப் பாறை ஏறுவார்கள், சிலர் நடை மட்டும். நான் சிவாஜிநகர் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். உங்களுக்கு ஆரஞ்சு கொடுத்த ரக்ஷிதா நர்ஸ், நானும் அவளும் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். உங்கள் வயதுக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், கிருஷ்ணப்பா. சிட்டி பஸ் டிரைவர், ஐம்பத்தேழு வயது, கல்யாணம் ஆகாதவர். அன்றைக்கு டியூட்டி என்பதால் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லோருக்கும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வருவார். இத்தனை வருடமாக எங்களோடு வருகிறார், ஒரு மலையின் உச்சியைக்கூடப் பார்த்ததில்லை. உயரம் என்றால் பயம். பாதியில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வார். குரங்குகள் அவரை நன்றாக அறியும்.

பிப்ரவரி 25 ஞாயிற்றுக்கிழமை மாக்களிதுர்கா போகிறோம். கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் வாசலில் காலையில் வெள்ளை டெம்போ நிற்கும். கேன்வாஸ் ஷூ போதும்.

வருவீர்கள் என்ற நம்பிக்கையில்,
மோனிகா


ஆண்டர்சன்பேட்டை
27 பிப்ரவரி 2024

செயலாளர் மோனிகா அவர்களுக்கு,

நான் வந்தேன். வந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பென்ஷன் ஆபீஸில் வேலை என்று வீட்டில் சொன்னேன். "ஞாயித்துக்கெழமையில இன்னா ஆபீசு?" என்று ஆஷா கேட்டாள். அதற்குப் பதில் யோசித்து வைக்கவில்லை. பழைய சிநேகிதன் பால்ராஜுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாற்றினேன். பால்ராஜ் குண்டுக்கல்லைப்போல ஆரோக்கியமாக இருக்கிறான்.

மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்து கண்டோன்மெண்ட்டில் இறங்கினேன். வெள்ளை டெம்போவைப் பார்த்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பைகளை மேலே கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம், குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். சாலையைக் கடக்க வேண்டியதுதான் பாக்கி. எத்தனையோ வருடமாக மனதில் மூடிவைத்தது அந்த ஒரு சாலையின் அகலத்தில் வந்து நின்றுவிட்டது. கால் எழவில்லை.

அப்போது காக்கி பேண்ட் போட்ட ஒருவர், நரைத்த மீசை, என்னைப் பார்த்துவிட்டு நேராகக் கடந்து வந்தார். எங்கே போக வேண்டும் என்று கன்னடத்தில் விசாரித்தார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன்: "சிவாஜிநகர்." அவர் உடனே கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினார். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, இவரை ஜாக்கிரதையாக இறக்கிவிடுங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லி, எனக்குக் கையும் ஆட்டினார்.

அவ்வளவு அன்பாக ஏற்றிவிட்ட மனிதரிடம் நான் இறங்குகிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சிவாஜிநகரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் ஊருக்கு வந்துவிட்டேன். பால்ராஜ் எப்படி இருக்கிறார் என்று ஆஷா கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

சுப்பராயன்


ஜீவனஹள்ளி
5 மார்ச் 2024

அன்புள்ள சுப்பராயன் ஸார்,

உங்கள் கடிதத்தை நானும் ரக்ஷிதாவும் சேர்ந்து படித்தோம். சிரித்து முடித்த பிறகு மறுபடி படித்தோம். இரண்டாவது தடவை அந்தச் சாலையைக் கடக்க முடியாத இடத்தில் ரக்ஷிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முதல் தடவை வந்தபோது டெம்போவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

உங்களை பஸ் ஏற்றிவிட்ட மகராஜன்தான் கிருஷ்ணப்பா.

அன்று அவர் திரும்பி வந்து, "யாரோ பெரியவரு, வழி தெரியாம நின்னிட்டிருந்தாரு. பாவம். கண்ணு மட்டும் ரொம்ப அழகு" என்றார். இதை உங்களிடம் சொல்லலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. உண்மை தெரிந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முப்பது வருட சர்வீஸில் ஒரு பயணியைத் தப்பான வண்டியில் ஏற்றியது இதுதான் முதல் தடவையாம்.

தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. மார்ச் 17 அன்று உங்களுக்காகவே மறுபடி அந்தரகங்கைக்கு வருகிறோம். உங்கள் வீட்டிலிருந்து பக்கம். பால்ராஜுக்கு மறுபடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காத்திருக்கும்,
மோனிகா


ஜீவனஹள்ளி
19 மார்ச் 2024

சுப்பராயன் ஸாருக்கு,

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் குறையவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் படிக்கட்டின் அடியில் புது ஷூவோடு நின்றதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? குகைக்குள் நுழையும் இடுக்கில் கிருஷ்ணப்பா முன்னால் போய் உங்கள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். உயரத்துக்குப் பயப்படுகிற மனிதருக்குக் குகை என்றால் பயமில்லை என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சித்ரான்னம் சாப்பிட்டீர்கள். கே.ஜி.எஃப். சினிமாக் கொட்டகைகளைப் பற்றி நீங்கள் பேசப் பேச, அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் குடையைக்கூட அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

இறங்கும்போது உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் எதிரில் வந்தார். "இன்னா சுப்பராயா, யாரு இவங்கெல்லாம்?" என்று கேட்டார்.

"யாரோ தெரியல. வழி கேட்டாங்க, காமிச்சேன்" என்றீர்கள். அவரோடு சேர்ந்து இறங்கிப் போய்விட்டீர்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணப்பா உங்களுக்கு ஒரு படி பின்னால்தான் இருந்தார், கையில் உங்கள் குடையோடு. வழக்கமாக டெம்போவில் அவர்தான் பாட்டு. அன்று கோலாரிலிருந்து பெங்களூரு வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்களைப் பற்றி எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிநேகிதர்கள் என்று சொல்லியிருக்கலாம். அதில் எந்த ரகசியமும் இல்லையே.

மோனிகா


ஆண்டர்சன்பேட்டை
3 ஏப்ரல் 2024

மோனிகா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

உங்களுக்கு முப்பது சொச்சம் வயது இருக்கும். பெங்களூரில் இருக்கிறீர்கள். ஒரு தெருவில் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெருவுக்கு வீடு மாற்றலாம். எனக்கு இருப்பது ஒரே தெரு. என் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தபோது குடிவந்த தெரு. என் தெருக்காரர் கோவிந்தராஜன் அன்று கேட்ட கேள்வியை மறுநாள் டீக்கடை கேட்கும், அதற்கு மறுநாள் ரயிலில் என் மகனிடம் கேட்பார்கள். பெங்களூரு வேலைக்காகத் தினமும் போகவர ஐந்து மணி நேரம் அந்த ரயிலில் உட்கார்ந்திருப்பவன் தினேஷ். நான் இல்லை.

பத்தொன்பது வயதில் எனக்கு என்னைப் பற்றித் தெரியும். இருபத்தாறில் கல்யாணம். ஜானகியை ஏமாற்றினேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு ஒரு நல்ல சிநேகிதனாக முப்பது வருடம் வாழ்ந்தேன். நம் மாதிரி ஆட்களைக் குற்றவாளியாக்கிய சட்டத்தை நீதிமன்றம் மாற்றிய அன்று டிவியில் பிள்ளைகள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். ஜானகி, "இன்னிக்கு எத்தினி பேரு நிம்மதியா தூங்குவாங்க, இல்ல?" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, டிவியைப் பார்த்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. பேப்பரை இறக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடம் அவள் போய்விட்டாள்.

சிநேகிதர்கள் என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். பயம் வரும்போது அவ்வளவு நல்ல வார்த்தை நாக்கில் வருவதில்லை.

கிருஷ்ணப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சுப்பராயன்


ஜீவனஹள்ளி
14 ஏப்ரல் 2024

அன்புள்ள சுப்பராயன் அங்கிள்,

இனிமேல் அங்கிள்தான். ஸார் என்று எழுதினால் எனக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். போன கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ரக்ஷிதா படித்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, ஸ்டாம்ப் ஒட்டி உனக்கே போஸ்ட் பண்ணிக்கொள் என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. ஈஸ்டர் அன்று புரிந்தது.

என் அம்மா ஜோசபின் இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறார். ஈஸ்டர் சாப்பாட்டுக்கு ரக்ஷிதாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள். "ரூம்மேட்" என்றேன். அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். நீங்கள் சொன்ன அதே பயம், அதே வேகம். ரக்ஷிதா பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் இரண்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

சங்கத்துக்குச் செயலாளர், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், ஆறு வருடமாகச் சொந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு அவ்வளவு சூடாக எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது. எழுதியது தப்பு என்று இன்னும் தோன்றவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

கிருஷ்ணப்பா இந்த மாதம் சிவாஜிநகர் பொம்மனஹள்ளி வண்டியில் இருக்கிறார், காலை ஷிப்ட். உங்கள் குடை அவரிடம் இருக்கிறது. வெயில் காலத்தில் அதை எதற்குத் தினமும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று கண்டக்டர் கேட்கிறாராம்.

இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மோனிகா


ஆண்டர்சன்பேட்டை
6 மே 2024

அன்புள்ள மோனிகா,

போய்விட்டு வந்தேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நான்கு பொம்மனஹள்ளி வண்டியை விட்டுவிட்டு ஐந்தாவதில் ஏறினேன். அதில்தான் அந்த மீசை இருந்தது. முன்பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்தார். வண்டி ஒரு நொடி தயங்கிய மாதிரி இருந்தது, பிறகு கிளம்பிவிட்டது. "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்" என்று மேலே எழுதியிருந்தது. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ரிச்மண்ட் சர்க்கிள் நெரிசலிலும் ஓசூர் ரோடு நெரிசலிலும் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"கடைசி ஸ்டாப்பு ஸார். எறங்கி எங்க போகணும்?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"இங்கதான். இந்த வாட்டி வழி தப்பல" என்றேன்.

எதிரில் இருந்த கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "யாரோ தெரியலன்னு சொன்னீங்க. அப்போ நான் யாரு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு ராத்திரி முழுக்க அதையேதான் கேட்டுக்கினு இருந்தேன். யாரோ இல்லைன்னு மட்டும் தெரியுது. அதைச் சொல்லத்தான் ரயில் ஏறி வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். "எனக்கு மலை மேல போக பயம். உங்களுக்கு மலையிலேர்ந்து எறங்கி ஊருக்குள்ள போக பயம். ரெண்டு பேரும் பாதியிலதான் நிக்கிறோம். பாதியில நிக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல, ஸார். ஆனா பக்கத்துல நிக்கிறவன் யாருன்னு கேட்டா பேரு சொல்லணும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் மறுபடி வண்டி எடுக்கும் நேரம் வந்துவிட்டது. நானும் ஏறிக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். கிருஷ்ணப்பா திரும்பாமலே, "அவரு என் ஃப்ரெண்டு. ஆனா டிக்கெட் குடு" என்றார்.

குடையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் பேச்சு இன்னும் கேஸ் சிலிண்டரிலேயே நிற்கிறதா? அம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ரக்ஷிதா கொடுத்த ஆரஞ்சு ரொம்ப இனிப்பாக இருந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

சுப்பராயன்


ஜீவனஹள்ளி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அங்கிள்,

இவ்வளவு நாள் கடிதம் எழுதாததற்குக் காரணம் நீங்கள்தான். மாதம் ஒரு தடவை மலையில் பார்க்கிற மனிதருக்கு எதற்குக் கடிதம்? ஆனால் மலையில் உங்களைத் தனியாகப் பிடிக்க முடிவதில்லை. எப்போதும் பக்கத்தில் ஒரு டிரைவர் இருக்கிறார். அவர் இப்போது சீப்பு வாங்கியிருக்கிறார். வாரலீவு நாளில் தவறாமல் கே.ஜி.எஃப். ரயில் ஏறுகிறார் என்றும் கேள்வி. பால்ராஜ் அங்கிளுக்கு உடம்பு அடிக்கடி கெடுவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போன வாரம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அம்மா, ரக்ஷிதா என் ரூம்மேட் இல்ல" என்று ஆரம்பித்தேன். அம்மா கத்தியை வைக்கக்கூட இல்லை.

"ஒரே கட்டில் இருக்குற வீட்டுல என்னாடி ரூம்மேட்டு? நான் கண்ணாடி போட்டிருக்கேன். நீயேதான் பவர் பாத்து குடுத்தே" என்றார்.

பிறகு கொஞ்சம் அழுதார். எனக்குப் பேரப்பிள்ளை இல்லையா என்றார். மாதா கோயிலில் யார் என்ன கேட்டாலும் அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மீன்குழம்பு வந்தது. டப்பாமேல் ரக்ஷிதா பெயர் எழுதியிருந்தது, என் பெயர் இல்லை. அவள் அதை எனக்குக் காட்டிக் காட்டிச் சாப்பிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் எல்லாவற்றைப் பற்றியும் பேச்சு நடக்கிறது. சில நேரம் கேஸ் சிலிண்டர் காலமே மேல் என்று தோன்றுகிறது.

நவம்பர் 17 சாவன்துர்கா. மழை நின்று பாறை காய்ந்திருக்கும். இது நிஜமான மலை அங்கிள், ஒரே கல். இதுவரை ஏறியது மாதிரி இல்லை. மேலே ஒரு நந்தி இருக்கிறது. நீங்கள் அதைத் தொட வேண்டும் என்று எனக்கு ஆசை. கிருஷ்ணப்பா வழக்கம்போலப் பாதியில் உட்காருவார். நீங்களும் அவரோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

அன்போடு,
மோனிகா


ஆண்டர்சன்பேட்டை
25 நவம்பர் 2024

அன்புள்ள மோனிகாவுக்கும் ரக்ஷிதாவுக்கும்,

என் தொடை இன்னும் வலிக்கிறது. ஆஷா தைலம் தேய்த்துக்கொள்ளக் கொடுத்தாள். அந்தத் தைலத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முன்னால் போய்விட்டதால் உங்களுக்குத் தெரியாது.

பாதியில் கிருஷ்ணப்பா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கீழே தெரிந்த ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. இதுவே போதும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் எனக்கு மேலே போக ஆசையாக இருந்தது, மோனிகா. கீழே இருந்தே பார்த்துப் பழகியவனுக்கு இந்த வயதில் வந்த ஆசை. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"போங்க. போயி பாத்துட்டு வந்து எனக்கு எல்லாம் சொல்லுங்க. ஒண்ணும் விடக்கூடாது" என்றார்.

கடைசிச் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து, கையையும் காலாக்கிக்கொண்டு ஏறினேன். நந்தியைத் தொட்டேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்குக் கண் மங்கியது காற்றினால் என்று சொன்னேன், நீங்களும் நம்பியதுபோல இருந்தீர்கள். இறங்கி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காற்றின் வேகம் உட்பட. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "நல்லா இருந்தது மலை" என்றார், தானே ஏறிவிட்டு வந்தவரைப்போல.

இனி வீட்டுக் கதை. வியாழக்கிழமை தைலம் கொடுக்கும்போது ஆஷா கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது. போன வாரம் மார்க்கெட்டுல பால்ராஜ் மாமாவைப் பாத்தேன். அவருக்கு ஜுரம் வந்தே பத்து வருசம் ஆவுதாம்."

நான் வேட்டி நுனியை இழுத்து முழங்காலை மூடினேன்.

"மீசைக்கு மை பூசிக்கறீங்க. தனியா சிரிக்கறீங்க. அத்தை போனப்புறம் உங்களை இப்படிப் பாத்ததே இல்ல. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம், மாமா. உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

இருக்காங்களா என்றுதான் கேட்டாள். அந்த வார்த்தைக்குள் ஆணும் போகலாம், பெண்ணும் போகலாம். நானும் "இருக்காங்க" என்று சொல்லியிருந்தால் அவள் யாரோ ஒரு விதவை அம்மாளை நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். அந்த வசதி எனக்குத் தெரிந்தது. எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

"இருக்காரு" என்றேன்.

ஆஷா தைலப் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வெளியே பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். பெயர் சொல்ல வேண்டும் என்று பொம்மனஹள்ளியில் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் வந்தது. "பேரு கிருஷ்ணப்பா. பெங்களூர்ல பஸ் ஓட்டுறாரு" என்றேன்.

அவள் மூடியை இறுக்கித் திருகிவிட்டுக் கேட்டாள்: "அவரு காரம் சாப்பிடுவாரா?"

"சுமாரா" என்றேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. உங்க புள்ளையாண்ட நான் பேசறேன்."

என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. தினேஷ் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நேராக அறைக்குள் போனான். நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுத என்ன இருக்கிறது, மகன் என்னிடம் பேசவில்லை என்பதைத் தவிர?

நேற்று சாயங்காலம் அவன் பைக்கில் வந்து இறங்கியபோது பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கட்டியிருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மூன்று நாற்காலிதான். ஜானகியின் நாற்காலி உடைந்த பிறகு நான்காவதை யாரும் வாங்கவில்லை. அவன் கயிற்றை அவிழ்த்து, நாற்காலியைத் துடைத்து, மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டான். ஆடுகிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான்.

பிறகு என்னைப் பார்க்காமலே, "செவப்புதாம்பா இருந்துது. பரவால்லையா?" என்று கேட்டான்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

உங்கள்,
சுப்பராயன்